சிங்கப்பூர், ஒசாகா, டாலஸ்: எந்த அடாப்டர் எடுத்துப் போவது? மிக்ஸி, கிரைண்டர் அங்கே ஓடுமா?

ஸ்ரீரங்கத்து அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் அடுத்த மாதம் கிளம்புகிறோம். திருச்சியிலிருந்து முதலில் சிங்கப்பூர், அங்கே நாத்தனார் வீட்டில் சில நாள். அப்புறம் ஒசாகாவில் மகன் வீடு. அங்கிருந்து அமெரிக்காவில் டாலஸ். மகளுக்குப் பிரசவம், அதனால் அங்கே கொஞ்சம் கூடுதலாகவே தங்குவோம். டிக்கெட், விசா, மாத்திரை எல்லாம் ஒழுங்காகிவிட்டது. இந்தக் கரண்ட் விஷயம்தான் இன்னும் தெளியவில்லை.

எடுத்துப் போக நினைத்திருப்பதைச் சொல்கிறேன். இரண்டு போன், அவருடைய லேப்டாப், ஒரு டேப்லெட். அவருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும் என்பதால் ராத்திரி மாட்டிக்கொள்ளும் சிபாப் மெஷின். எனக்கு வீசிங் உண்டு, அதற்கு நெபுலைசர். வெந்நீர் வைக்கச் சின்னக் கெட்டில். ஒரு பவர் பேங்க். இதெல்லாம் போக, மகளுக்குப் பிரசவ லேகியத்துக்குப் பொடி செய்யவும் இட்லிக்கு அரைக்கவும் வீட்டில் இருக்கும் 750 வாட் மிக்ஸியையும் இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரையும் கொண்டுபோகலாம் என்று எண்ணம். அங்கே பிளெண்டரில் அரைத்த மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது என்று மகள் புலம்பிக்கொண்டே இருக்கிறாள்.

கடைத்தெருவில் ஒரு யுனிவர்சல் அடாப்டர் வாங்கினோம். சதுரமாக இருக்கிறது, பக்கவாட்டில் தள்ளினால் விதவிதமாகப் பின் வெளியே வருகிறது. "இது ஒண்ணு போதும்மா, எந்த நாட்டுக்குப் போனாலும் எல்லாமே ஓடும்" என்றார் கடைக்காரர். மகன் போனில், "ஜப்பானில் வோல்ட்டேஜே வேறம்மா, கிரைண்டரெல்லாம் தூக்கிட்டு வராதே" என்கிறான். மகளோ கிரைண்டர் வந்தே ஆக வேண்டும் என்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான். விவரம் தெரிந்தவர்கள் பொருள் பொருளாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

தேக்கா பக்கம்:

அக்கா, சிங்கப்பூரைப் பற்றிக் கவலையே வேண்டாம். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் நொடிக்கு ஐம்பது அலையாக வரும். நம் ஊர் மாதிரியேதான். பிளக் மட்டும் வேறு. தட்டையான மூன்று பின், இங்கிலாந்திலும் மலேசியாவிலும் துபாயிலும் இருக்கும் அதே பிளக். உங்கள் நாத்தனார் வீட்டில் கண்டிப்பாக இரண்டு மூன்று அடாப்டர் இருக்கும். இல்லாவிட்டால் இங்குள்ள முஸ்தபா கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். இந்தச் சாக்கெட்டின் கீழ் ஓட்டை இரண்டையும் உள்ளே ஒரு சிறு மூடி அடைத்திருக்கும். மேலே நீளமான எர்த் பின் நுழைந்தால்தான் மூடி விலகும். நம் ஆட்கள் சிலர் பேனா மூடியை மேல் ஓட்டையில் குத்தி, ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு பின் சார்ஜரை அப்படியே செருகிவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தைகள் எதையாவது நுழைத்துவிடக் கூடாது என்றுதான் அந்த மூடியே இருக்கிறது. தட்டைப் பின்னுக்காகச் செய்த சாக்கெட் உருண்டைப் பின்னைச் சரியாகக் கவ்வவும் கவ்வாது.

---

உறையூர் வைண்டிங்:

அம்மா, நான் திருச்சியில் மோட்டார் வைண்டிங், மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் நிறையப் பேர் கடைக்கு வந்து இதையேதான் கேட்பார்கள். கிளம்பும் முன்னால் கேட்கிறீர்கள், அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி.

உங்கள் அடாப்டர் செய்வது ஒரே ஒரு வேலை. நம் ஊர்ப் பின்னை அந்த ஊர் ஓட்டைக்குள் நுழைய வைக்கும், அவ்வளவுதான். சுவரில் 100 வோல்ட் வந்தால் அடாப்டரைத் தாண்டியும் 100 வோல்ட்தான் வரும். சிங்கப்பூரில் 230, ஒசாகாவில் 100, டாலஸில் 120. ஆகவே எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது வோல்ட்டேஜ். பின் அப்புறம். எல்லோரும் பின்னைப் பார்த்துவிட்டு வோல்ட்டேஜை விட்டுவிடுகிறார்கள். மோட்டார் கருகுவதெல்லாம் அங்கேதான்.

ஒவ்வொரு பொருளிலும் ஸ்டிக்கரோ அச்சோ இருக்கும். சார்ஜரில் பின்னுக்குப் பக்கத்திலேயே, லேப்டாப்பில் சார்ஜர் வயரின் நடுவே வரும் கறுப்புக் கட்டியின் அடிப்பக்கம், மிக்ஸியில் கவிழ்த்துப் பார்த்தால் அடியில். கறுப்புமேல் சாம்பல் நிறத்தில் எறும்பு சைஸ் எழுத்தாக இருக்கும். கண்ணாடி போட்டாலும் தெரியாது. போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் இரண்டு சங்கதி உண்டு. மேல் வரி இன்புட், கீழ் வரி அவுட்புட். நமக்கு வேண்டியது இன்புட் வரி. அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அந்தப் பொருளை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் சொருகலாம், அடாப்டர் மட்டும் போதும். வெறும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றோ 220-240 என்றோ இருந்தால் அது சிங்கப்பூரோடு நிற்க வேண்டிய பொருள். 220-240 என்று பார்த்ததும் பலர் அதுவும் எங்கேயும் ஓடும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஓடாது. முதல் எண் 100 ஆக இருக்க வேண்டும்.

போன், டேப்லெட், லேப்டாப் சார்ஜர் அநேகமாக எல்லாமே 100-240 தான். சிபாப் மெஷினும் பெரும்பாலும் அப்படித்தான், இருந்தாலும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கெட்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சூடு பண்ணும் பொருளில் வோல்ட்டேஜ் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். உங்கள் கெட்டில் 1500 வாட் என்று வையுங்கள், டாலஸில் அது 400 வாட் மாதிரி வேலை செய்யும். ஒசாகாவில் 300 வாட்டுக்கும் கீழே. ஒரு டம்ளர் வெந்நீருக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். இதையே திருப்பிப் போட்டால் ஆபத்து. அமெரிக்காவிலிருந்து ஆசையாக வாங்கி அனுப்பிய ஹேர் டிரையரை இங்கே வெறும் அடாப்டர் போட்டுச் சொருகினால், தாங்க வேண்டியதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல் பவர் இழுக்கும். சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் காயில் பழுத்துப் புகைந்துவிடும். திரும்பி வரும்போது அங்கிருந்து எதுவும் வாங்கிவந்தால் இதை ஞாபகம் வையுங்கள்.

இப்போது மிக்ஸி, கிரைண்டருக்கு வருகிறேன். இரண்டும் அரைக்கிற சாமான்தான் என்றாலும் உள்ளே இருக்கும் மோட்டார் வேறு வேறு ஜாதி.

மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். 120 வோல்ட்டில் சுற்றும், ஆனால் சத்தே இருக்காது. சட்னிக்குத் தேங்காய் போட்டால் திணறும், ஊறிய உளுந்து போட்டால் நின்றுவிடும். நின்ற பிறகும் சுவிட்சைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே காற்று ஓடாமல் சூடேறும். அடியில் சிவப்புப் பட்டன் இருக்கிறதே, அது துள்ளி நிறுத்தினால் பிழைத்தது.

கிரைண்டரில் இருப்பது கெப்பாசிட்டர் வைத்த இண்டக்‌ஷன் மோட்டார். இதில் வோல்ட்டேஜ் பாதியானால் இழுக்கும் சக்தி கால்வாசிதான். கல் இருக்கும் டிரம்மைத் தள்ளவே முடியாது. 'உம்ம்ம்' என்று முனகிக்கொண்டு அப்படியே நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். சுற்றாமல் நிற்கிற மோட்டாரில் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தால் வைண்டிங்கின், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின், வார்னிஷ் உருகி ஒரு வாடை வரும். அந்த வாடை வந்த மோட்டார் என் கடைக்குத்தான் வர வேண்டும், அதற்கு டாலஸிலிருந்து திருச்சி ரொம்பத் தூரம்.

டிரான்ஸ்பார்மர் வைத்து 120-ஐ 230 ஆக்கலாமே என்பார்கள். ஆக்கலாம். மிக்ஸி ஓடும். ஆனால் 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஓடும்போது இழுப்பதைவிட ரொம்பவே கூடுதலாக இழுக்கும், அதற்குத்தான் இந்த இரட்டிப்பு. உள்ளே முழுக்க இரும்புத் தகடும் காயிலும்தான். அது ஒன்றே பல கிலோ வரும். 23 கிலோ பெட்டியில் அவ்வளவு கனத்தை அதற்குக் கொடுப்பீர்களா? கிரைண்டருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. இங்கே 50, அங்கே 60. ஆக, கல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். மாவு சூடாகும். இட்லி மாவு சூடானால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கையடக்கமாக, லேசாக 'வோல்ட்டேஜ் கன்வெர்ட்டர் 1600 வாட்' என்று ஆன்லைனில் விற்பார்கள். அதை வாங்காதீர்கள். ஹேர் டிரையர், இஸ்திரிப்பெட்டி மாதிரி வெறும் சூடு பண்ணும் பொருளுக்காகச் செய்தது அது. கரண்ட்டின் அலையை வெட்டி வெட்டிக் கொடுக்கும். மோட்டாருக்கும் ஆகாது, எலெக்ட்ரானிக்ஸுக்கும் ஆகாது. அதில் சிபாப்பை மாட்டிவிடவே கூடாது.

அதனால் என் யோசனை இது. வீட்டு மிக்ஸியும் கிரைண்டரும் வீட்டிலேயே இருக்கட்டும். நம் ஊர்க் கம்பெனிகளே அமெரிக்காவுக்கு என்று 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் மிக்ஸியும் டேபிள் டாப் கிரைண்டரும் செய்கிறார்கள். பெரிய கடைகளில் '110 வோல்ட் எக்ஸ்போர்ட் மாடல்' என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வரவழைத்துத் தருவார்கள். அமெரிக்காவிலேயே இந்தியக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், விலை கூடுதலாக இருக்கும். கல் வைத்த கிரைண்டரின் கனத்தைப் பார்த்தால் அங்கேயே வாங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மிக்ஸி வேண்டுமானால் இங்கிருந்து கொண்டுபோங்கள். ஒன்று, அந்த மாடலை இங்கே கடையில் சொருகி ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். 110 வோல்ட் மிக்ஸியை 230-ல் போட்டால் விசில் மாதிரி கத்திக்கொண்டு சுற்றி அங்கேயே கருகிவிடும். அவர்களிடம் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இருந்தால் அதில் மாட்டிக் காட்டட்டும்.

ஸ்டிக்கர் போட்டோவெல்லாம் எடுத்தபின் இங்கே எழுதுங்கள். குறிப்பாக நெபுலைசர்.

---

ஒசாகாவிலிருந்து:

வைண்டிங் அண்ணன் சொன்னதோடு ஜப்பான் பக்கத்தைச் சேர்க்கிறேன். இங்கே 100 வோல்ட், நான் அறிந்தவரை வீட்டு மின்சாரத்தில் இவ்வளவு குறைவான வோல்ட்டேஜ் வேறெங்கும் இல்லை. அதிலும் இந்த ஒரு நாட்டுக்குள்ளேயே இரண்டு விதம். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. 1895-இல் டோக்கியோவில் ஜெர்மனியின் ஏஇஜி ஜெனரேட்டர் வாங்கினார்கள், அடுத்த ஓரிரு ஆண்டில் ஒசாகாவில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அன்று ஆரம்பித்த பிரிவு இன்றுவரை ஒன்று சேரவில்லை. புஜி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின்நிலையங்கள் நின்றபோது, மேற்கே மின்சாரம் இருந்தும் தேவைப்பட்ட அளவுக்கு அனுப்ப முடியாமல் போனதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நடுவில் ஹெர்ட்ஸை மாற்றும் நிலையங்கள் கொஞ்சமே தாங்கும். உங்கள் சார்ஜர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, 50/60 என்று எழுதியிருக்கிறது அல்லவா, இரண்டுக்கும் அது பழகியது.

பிளக் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். இங்கே தட்டையான இரண்டு பின். பார்க்க அமெரிக்கப் பிளக் போலவே இருக்கும், அளவும் அதேதான். ஆனால் அமெரிக்கப் பிளக்குகள் பலவற்றில் ஒரு பின் மற்றதைவிடக் கொஞ்சம் அகலம், பலவற்றில் கீழே உருண்டையாக மூன்றாவது எர்த் பின்னும் உண்டு. ஜப்பான் வீடுகளில் பெரும்பாலான சாக்கெட்டில் வெறும் இரண்டு ஓட்டைதான். அகலப் பின் சில இடங்களில் நுழையாது, மூன்றாம் பின் நுழைய இடமே இல்லை. அதனால் 'அமெரிக்கா அடாப்டர்' என்று கேட்டு மூன்று பின் உள்ளதை வாங்கிவிட்டால் டாலஸில் போகும், ஒசாகாவில் போகாது. ஒரே அளவுள்ள இரண்டு தட்டைப் பின் மட்டும் உள்ள அடாப்டராக வாங்குங்கள். அது இரண்டு ஊருக்கும் போகும்.

வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் வைக்கும் இடத்தில் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும், திறந்தால் திருகாணி. எர்த்துக்காகப் பச்சை வயரைத் தனியாக அதில் முடுக்குவார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், உங்களுக்கு அதில் வேலையில்லை. கெட்டிலும் வேண்டாம், வெந்நீர்ப் பாட் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும்.

பவர் பேங்க் பற்றி ஒரு வார்த்தை. செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, கையில் எடுத்துப் போகும் பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட் ஹவர் வரை பொதுவாகத் தடையில்லை. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட் ஹவர், ஆகவே அதுவரை கவலையில்லை. 2025 ஜனவரியில் தென் கொரியாவில் புசான் விமான நிலையத்தில் ஒரு விமானம் தீப்பிடித்த பிறகு கெடுபிடி கூடிவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது என்று சொல்லிவிட்டது. ஜப்பான் விமானங்களில் 2025 ஜூலை முதல் தலைக்கு மேலே உள்ள பெட்டியில் வைக்கக் கூடாது, கண்ணெதிரே இருக்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

---

ஸ்ரீரங்கத்து அம்மா:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் உட்கார்ந்து எல்லா ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துவிட்டோம். என் வீட்டுக்காரர் ஒரு நோட்டிலேயே எழுதி வைத்துவிட்டார்.

போன் சார்ஜர் இரண்டும், டேப்லெட், லேப்டாப்: 100-240. சிபாப் மெஷினோடு வந்த கட்டியிலும் 100-240, 50/60. நெபுலைசரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று மட்டும்தான் இருக்கிறது. மிக்ஸி 220-240. கிரைண்டர் 230. கெட்டில் 220-240, அதைப் பார்த்ததும் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். கிரைண்டர் அங்கேயே வாங்கிக்கொள்கிறோம் என்று மகளிடம் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு மாவு கிடைத்தால் போதும்.

வைண்டிங் சார், நெபுலைசருக்கு என்ன செய்வது? அது இல்லாமல் நான் கிளம்பவே மாட்டேன். சிபாப்பின் பிளக் மூன்று பின்னாக இருக்கிறது, இரண்டு பின் அடாப்டரில் போடலாமா? நாங்கள் வாங்கிய சதுர அடாப்டரை என்ன செய்வது?

---

உறையூர் வைண்டிங்:

அம்மா, நெபுலைசரில்தான் நான் ரொம்பக் கண்டிப்பாக இருப்பேன். அதற்குள் இருப்பது ஒரு சின்ன கம்ப்ரஸர், அதாவது காற்றடிக்கும் மோட்டார். 100 வோல்ட்டில் போட்டால் காற்று போதாது, மருந்து புகையாக வராமல் சொட்டாகவே நிற்கும். ராத்திரி மூச்சு வாங்கும் நேரத்தில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. டிரான்ஸ்பார்மர் வைத்துச் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும், மருந்துக்கான மெஷினில் சோதனை வேண்டாம். பேட்டரியிலோ யுஎஸ்பியிலோ ஓடும் கையடக்க மெஷ் நெபுலைசர் இப்போது மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும், எந்த நாட்டிலும் கவலையில்லை. ஆனால் சில மருந்து அந்த வகை மெஷினில் சரியாக வராது. அதனால் உங்கள் டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லி, இந்த மாடல் ஆகுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வாங்கியபின் ஊரிலேயே பயன்படுத்திப் பாருங்கள். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அமெரிக்காவில் நெபுலைசருக்கு டாக்டர் சீட்டு கேட்பார்கள். டாக்டரிடம் இருந்து ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள், சிபாப்புக்கும் சேர்த்து.

சிபாப்புக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. அந்தக் கட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயரை இழுத்துப் பாருங்கள், தனியாகக் கழன்று வரும். கட்டிக்குள் நுழையும் அந்த வயரின் வாய் '8' எண் மாதிரியோ, மூன்று வட்டம் ஒட்டினாற்போலவோ, கம்ப்யூட்டருக்கு வருவதுபோல் பெரிதாகவோ இருக்கும். அதே வாயும் மறுமுனையில் அமெரிக்கப் பிளக்கும் உள்ள வயர் தனியாகக் கிடைக்கும். அதை டாலஸில் உங்கள் மகள் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டால் அடாப்டருக்கே வேலையில்லை. விடிய விடிய ஓடுகிற மெஷினை நான் அடாப்டரில் தொங்கவிட மாட்டேன், வயரையே மாற்றுவேன். லேப்டாப்பும் அதே வாயாக இருந்தால் ஒரு வயரே போதும். வாய் எட்டு மாதிரி இருந்தால் அந்த வயரில் இரண்டு பின்தான், ஜப்பானிலும் போகும். மூன்று வட்டமாக இருந்தால் அமெரிக்க வயர் மூன்று பின்னில் வரும், ஒசாகாவுக்கு மகனை அங்கே விற்கும் வயரை வாங்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாமல் இரண்டு பின்னில் போட்டால் லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவும்போது சில சமயம் சிலிர்க்கிற மாதிரி இருக்கும். பெரும்பாலும் அது ஷாக் இல்லை, இருந்தாலும் எர்த்தோடு இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

சதுர அடாப்டர். அதை ஒருமுறை கையில் எடுத்து உங்கள் சார்ஜரைச் சொருகி, தலைகீழாகப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கழன்று விழுந்தால் வேண்டாம். எல்லா நாட்டுப் பின்னும் நுழைய வேண்டும் என்று ஓட்டையை அகலமாக வைத்துவிடுவார்கள், உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு எதையும் இறுக்கிப் பிடிக்காது. பிடிப்பில்லாத இடத்தில் சூடேறும். என்னிடம் வந்த சில அடாப்டர்களில் ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் தேநீர்க் கறைபோல் பழுப்பேறியிருக்கும், திறந்தால் தகடு கறுத்திருக்கும். அதில் 6 ஆம்ப், 10 ஆம்ப் என்று எழுதியிருந்தாலும் போன் சார்ஜரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று சொல்கிறேன். மூன்று நான்கு போர்ட் உள்ள 65 வாட் சார்ஜர் ஒன்று வாங்குங்கள், நல்ல கம்பெனியில். இன்புட் 100-240 இருக்க வேண்டும். இரண்டு போன், டேப்லெட், நெபுலைசர் எல்லாம் அதிலேயே ஏறும், உங்கள் லேப்டாப் சி-டைப்பாக இருந்தால் அதுவும். சுவரில் ஒரே ஓட்டை, ஒரே அடாப்டர். ஒசாகாவுக்கும் டாலஸுக்கும் அந்த இரண்டு தட்டைப் பின் அடாப்டரில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். சிங்கப்பூருக்கு நாத்தனார் வீட்டு அடாப்டர்.

நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்பார்கள், நீங்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். வெறும் சார்ஜர்களுக்கு என்றால் பரவாயில்லை. அதில் மிக்ஸியைச் சொருகாதீர்கள். வோல்ட்டேஜ் பாதியானால் அதே வாட்டுக்குக் கரண்ட் இரண்டு மடங்கு ஓடும், சன்ன வயர் சூடேறும்.

---

டாலஸ் வாசி:

அம்மா, டாலஸில் பிரசவத்துக்கு வருகிற அப்பா அம்மாக்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் சொல்கிறேன். இங்கே நம் ஊர் மளிகைக் கடைகளில் 110 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் அடுக்கியே வைத்திருப்பார்கள். மகளைப் போய்ப் பார்த்து விலை கேட்கச் சொல்லுங்கள், அப்புறம் மிக்ஸியைத் தூக்குவதா என்று முடிவு செய்யலாம். மிக்ஸிக்கு ஜார் அடியில் போடும் ரப்பர் கப்ளர், வாஷர் இரண்டு செட் மட்டும் அங்கிருந்து கொண்டுவாருங்கள், இங்கே அது கிடைப்பது கஷ்டம். மாடல் நம்பரைக் காட்டி வாங்குங்கள்.

இந்த ஊர் சாக்கெட்டில் சுவிட்ச் கிடையாது, சொருகியவுடனே கரண்ட் வந்துவிடும். மிக்ஸியின் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சொருகுங்கள். அடுக்களையில் சில சாக்கெட்டில் நடுவே சின்னதாக இரண்டு பட்டன் இருக்கும், டெஸ்ட், ரீசெட் என்று. கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் பாதுகாப்பு அது. மிக்ஸி திடீரென்று நின்றால் ரிப்பேர் என்று நினைக்காமல் முதலில் ரீசெட்டை அழுத்திப் பாருங்கள். மைக்ரோவேவும் மிக்ஸியும் ஒரே நேரத்தில் ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும் வீடுகளும் உண்டு.

சிபாப்பைக் கையில் எடுத்துவரும் பையில்தான் வையுங்கள், செக்-இன் போட வேண்டாம். அமெரிக்க விமானங்களில் அதை உடல்நலக் கருவியாகக் கருதிக் கைப்பைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், மற்ற விமானங்களில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும் தொட்டியைக் காலி செய்து துடைத்துவிட்டுப் பையில் வைக்கச் சொல்லுங்கள், பாதுகாப்புச் சோதனையில் மெஷினை வெளியே எடுத்துக் காட்டச் சொல்வார்கள்.

---

ஸ்ரீரங்கத்து அம்மா:

நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறோம், நெபுலைசர் மருந்துப் பெயரோடு. சிபாப் வயர் கழன்று வந்தது, வாய் மூன்று வட்டம், லேப்டாப்புக்கும் அதேதான். மகனுக்கும் மகளுக்கும் அந்த வாயைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன், இரண்டு பேரும் ஆளுக்கொரு வயர் வாங்கி வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். சதுர அடாப்டரைத் தலைகீழாகப் பிடித்தோம், சார்ஜர் விழுந்துவிட்டது. டாலஸ் வாசி, அந்த ரப்பர் கப்ளர் எல்லா மாடலுக்கும் ஒன்றா, இல்லை மகள் மிக்ஸி வாங்கிய பிறகுதான் வாங்க வேண்டுமா?

---

உறையூர் வைண்டிங்:

ஒன்று இல்லை அம்மா, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் மாறும். மகள் வாங்கி, அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். அதைக் கடையில் காட்டுங்கள். கப்ளரோடு கார்பன் பிரஷ் ஒரு ஜோடியும் கேட்டு வாங்குங்கள், 110 வோல்ட் மாடலுக்கு என்று சொல்லி.